55 எடுத்தும் 34: டெர்பி கவுண்டியின் கணக்கைப் படித்த அனுபவம்

2021-22 சீசனில் டெர்பி கவுண்டி என்ற இங்கிலாந்து கால்பந்து கிளப் களத்தில் விளையாடி எடுத்த புள்ளிகள் 55. சீசன் முடிந்தபோது அட்டவணையில் அதன் பெயருக்கு நேரே இருந்தது 34. அந்த 55 நின்றிருந்தால் அணி கீழ் லீக்குக்கு இறங்காமல் சாம்பியன்ஷிப்பிலேயே இருந்திருக்கும். கடைசியாகத் தப்பித்த ரெடிங் 41 புள்ளிகளோடுதான் தப்பித்தது, அதுவும் செலவு விதியை மீறியதற்காக 6 புள்ளிகளை இழந்த பிறகு. டெர்பி இழந்த 21 புள்ளிகளை எந்த எதிரணியும் பறிக்கவில்லை. கிளப்பின் கணக்குப் புத்தகம்தான் பறித்தது.

நான் டெர்பியில் குடியிருப்பவன். கணக்கு எழுதுவது பிழைப்பு: சின்னக் கடைகள், டாக்ஸி ஓட்டுபவர்கள், ஒன்றிரண்டு ரெஸ்டாரண்டுகள். சனிக்கிழமை ஆனால் கிளப்பின் பிரைட் பார்க் ஸ்டேடியம். இந்த இரண்டு உலகமும் ஒன்றையொன்று தொடும் என்று இந்த ஊருக்கு வந்த புதிதில் நினைத்ததில்லை. 2019ல் கிளப்பின் ஆண்டுக் கணக்கை இறக்கிப் படித்த நாளிலிருந்து தொட ஆரம்பித்தது. பிரிட்டனில் பதிவான எந்தக் கம்பெனியின் கணக்கையும் கம்பெனிஸ் ஹவுஸ் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். கால்பந்து கிளப்பும் ஒரு கம்பெனிதான். இந்த ஒரு வசதியை ரசிகர்கள் ஒழுங்காகப் பயன்படுத்தினால் போதும், பல கிளப்புகளின் சரிவை இரண்டு மூன்று வருடம் முன்பே பார்த்துவிடலாம். டெர்பியில் நான் பார்த்ததை எழுதுவதற்குக் காரணம் இதுதான்.

கிளப்புகள் ஏன் இப்படிச் செலவழிக்கின்றன என்பதை முதலில் சொல்ல வேண்டும். சாம்பியன்ஷிப் என்பது இங்கிலாந்தின் இரண்டாம் நிலை லீக். அதற்கு மேலே பிரீமியர் லீக். நடுவில் ஒரே ஒரு படி. ஆனால் டிவி பணத்தைப் பார்த்தால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அந்த ஒரு படியை ஏறுவதற்காக மொத்த டிவிஷனும் கையை மீறிச் செலவழிக்கிறது. டெலாய்ட் என்ற தணிக்கை நிறுவனத்தின் ஆண்டறிக்கைப்படி 2018-19ல் சாம்பியன்ஷிப் கிளப்புகள் 100 பவுண்டு சம்பாதித்து 107 பவுண்டைச் சம்பளமாகக் கொடுத்தன. மின்சாரம், பயணம், வீரர் வாங்கிய பணம் எல்லாம் அதற்கு மேல்.

டெர்பிக்கு அந்தப் படி இரண்டு முறை காலுக்கடியில் வந்து நழுவியது. மேலே ஏறும் கடைசி இடம் யாருக்கு என்று தீர்மானிக்கும் பிளே-ஆஃபின் 2014 இறுதிப் போட்டியில் 90ஆவது நிமிடத்தில் க்வீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் (க்யூபிஆர்) அணியின் பாபி ஜமோரா அடித்த கோல். 2019ல் ஆஸ்டன் வில்லாவிடம் 2-1. இதில் என் மனதை இன்றும் உறுத்துவது ஒன்று உண்டு. 2014ல் ஜெயித்த க்யூபிஆர் அந்த சீசனிலேயே செலவு வரம்பை மீறியிருந்தது. வழக்கு இழுத்தடித்து 2018ல்தான் முடிந்தது. அபராதம், வழக்குச் செலவு, பங்காக மாற்றிய கடன் எல்லாம் சேர்த்துச் சுமார் 4.2 கோடி பவுண்டு. 2019 இறுதிப் போட்டியிலோ, வெம்ப்ளியில் எதிரெதிரே நின்ற இரண்டு கிளப்புகளுமே கணக்கை நேராக்கத் தங்கள் ஸ்டேடியத்தைத் தங்கள் முதலாளியின் வேறொரு கம்பெனிக்கு விற்றவை. வில்லா பார்க்கின் விலை 5.67 கோடி பவுண்டு. வில்லா மேலே போய்ப் பிழைத்துக்கொண்டது. டெர்பி போகவில்லை. சூதாட்டத்தில் ஜெயித்தவனின் தப்பு யார் கண்ணிலும் படுவதில்லை. இந்த விதிகள் இருக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணமே இதுதான்.

மெல் மோரிஸ் 2015ல் கிளப்பை முழுதாக வாங்கினார். கேண்டி க்ரஷ் விளையாட்டை உருவாக்கிய கிங் நிறுவனத்தில் சம்பாதித்தவர், இதே ஊர்க்காரர், சின்ன வயதிலிருந்தே டெர்பி ரசிகர். கிளப்பைச் சுரண்ட வந்தவர் என்று அவரை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். 20 கோடி பவுண்டுக்கு மேல் சொந்தப் பணத்தைப் போட்டதாக அவரே பிறகு சொன்னார். ஆனால் ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அளக்காமல் போட்ட பணம் கிளப்பைப் பெரிதாக்கவில்லை. அவருடைய பாக்கெட் இல்லாமல் ஒரு மாதம்கூட ஓட முடியாத நிலைக்குக் கொண்டுவந்தது. கெட்ட முதலாளியிடம் ரசிகர்கள் ஜாக்கிரதையாக இருப்பார்கள். நல்ல முதலாளியிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆபத்து இரண்டாவதில்தான் அதிகம்.

அன்றைய சாம்பியன்ஷிப் விதி எளிமையானது. மூன்று வருடத்தில் மொத்த நஷ்டம் 3.9 கோடி பவுண்டைத் தாண்டக்கூடாது. இளைஞர் அகாடமி, பெண்கள் அணி, ஊருக்காகச் செய்யும் வேலை ஆகியவற்றின் செலவு இதில் சேராது. இப்போது டெர்பியின் 2017-18 கணக்கைப் பாருங்கள். வரிக்கு முந்தைய லாபம் 1.46 கோடி பவுண்டு. சம்பளமே வருமானத்தை விழுங்கும் டிவிஷனில், மேலே ஏறாத ஒரு கிளப்புக்கு லாபம்! என் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு: லாபம் எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன் அது எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது. ஸ்டேடியத்தை மோரிஸுக்கே சொந்தமான இன்னொரு கம்பெனிக்கு 8.11 கோடி பவுண்டுக்கு விற்றிருந்தார்கள். அதில் கிடைத்த லாபம் மட்டும் 3.99 கோடி. அதைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது 2.53 கோடி பவுண்டு நஷ்டம். ஒரு மளிகைக் கடைக்காரர் கடைக் கட்டிடத்தை மனைவி பெயருக்கு விற்று, வந்த பணத்தை வியாபார லாபம் என்று வங்கியில் காட்டினால் எந்த மேனேஜரும் ஒப்புக்கொள்ள மாட்டார். அன்றைய லீக் விதி ஒப்புக்கொண்டது. விலையை உயர்த்திக் காட்டினார்கள் என்று லீக் பிறகு போட்ட குற்றச்சாட்டும் விசாரணைக் குழு முன் நிற்கவில்லை. ஆக, விதிப்படி அது தப்பில்லை. ஆனால் ஊரின் ஸ்டேடியம் கிளப்பின் கையைவிட்டுப் போயிருந்தது. அதை வைத்து மறுபடி ஒரு முறை கணக்கை நேராக்க முடியாது.

அடுத்தது அமார்டைசேஷன், அதாவது வாங்கிய விலையைப் பல வருடங்களுக்குப் பிரித்து எழுதுவது. இதைப் பற்றிச் செய்திகளில் படிக்கும்போது பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். கொஞ்சம் நின்று புரிந்துகொண்டால் கால்பந்துப் பொருளாதாரத்தில் பாதி விளங்கிவிடும். கோயம்புத்தூரில் இருக்கும் என் அக்கா மகன் தீவிர செல்சீ ரசிகன். என்சோ ஃபெர்னாண்டஸ் என்ற வீரரை செல்சீ வாங்கிய சமயம் போனில் கேட்டான்: "மாமா, எட்டரை வருஷத்துக்கு எதுக்குக் கையெழுத்து வாங்கறாங்க? அவ்வளவு நம்பிக்கையா அவர் மேல?"

"நம்பிக்கையை விடுடா. வாங்கின விலை 10.68 கோடி பவுண்டை எட்டரையால வகுத்துப் பாரு, அப்புறம் அஞ்சால வகுத்துப் பாரு" என்றேன்.

எட்டரை வருடம் என்றால் ஒரு வருடச் செலவு சுமார் 1.26 கோடி. ஐந்து வருடம் என்றால் சுமார் 2.14 கோடி. பணம் ஒன்றுதான், கணக்கில் விழும் வேகம்தான் வேறு. ஒரு வீரரை வாங்கிய தொகையை ஒப்பந்தக் காலம் முழுவதும் பங்குபோட்டு எழுதுவார்கள். காலம் நீண்டால் ஒவ்வொரு வருட நஷ்டமும் சிறிதாகத் தெரியும். செல்சீயைப் பார்த்த பிறகுதான் ஐரோப்பியக் கால்பந்தை நடத்தும் யுஇஎஃப்ஏ அமைப்பும், 2023 டிசம்பரில் பிரீமியர் லீக்கும், எத்தனை வருட ஒப்பந்தமானாலும் ஐந்து வருடத்துக்கு மேல் பங்குபோடக்கூடாது என்று கட்டினார்கள்.

டெர்பி செய்தது இதிலிருந்து வேறுபட்டது. ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரு வீரரை 1 கோடிக்கு நான்கு வருடத்துக்கு வாங்கினால் எல்லாரும் வருடம் 25 லட்சம் என்று எழுதுவார்கள். டெர்பியோ, இவரைப் பின்னால் நல்ல விலைக்கு விற்கலாம் என்று ஒரு மீதி மதிப்பை வைத்துக்கொண்டு முதல் வருடங்களில் கொஞ்சமாக எழுதியது. விற்கவில்லை என்றால்? ஒப்பந்தம் முடியும் தறுவாயில் மொத்தமும் ஒரே மூட்டையாக விழும். நாளைய நிர்வாகத்தின் தலையில் இன்றைய செலவு. ஒப்பந்தம் முடிந்த வீரர் கிளப்புக்கு ஒரு பைசா கொடுக்காமல் போகலாம் என்பது 1995 போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு எல்லாருக்கும் தெரிந்ததுதான். அப்படியிருக்க மீதி மதிப்பு என்று ஒன்றை எழுதுவது கணக்குத் தர்மத்துக்கே ஒட்டாது.

2020 ஜனவரியில் லீக் வழக்குப் போட்டது. அந்த ஆகஸ்டில் முதல் குழு பெரும்பாலும் கிளப்பின் பக்கம் நின்றது. லீக் மேல்முறையீடு செய்தது. 2021 மே மாதம், இந்த முறை பிரிட்டிஷ் கணக்கியல் தரத்துக்கே பொருந்தாது என்று தீர்ப்பு வந்தது. ஒரு லட்சம் பவுண்டு அபராதம், பழைய கணக்குகளைத் திருத்திக் கொடுக்க உத்தரவு. திருத்தியபோது வரம்பு மீறல் வெளியே வந்தது. நவம்பரில் 9 புள்ளிகள் போயின. அதற்கு முன்பே செப்டம்பரில், கடனைத் தீர்க்க முடியாத கம்பெனியைப் பொறுப்பேற்று நடத்தும் நிர்வாகியின் (அட்மினிஸ்ட்ரேட்டர்) கைக்குக் கிளப் போனதற்காக 12 போயிருந்தது.

தேதிகளை இத்தனை விவரமாகச் சொல்லக் காரணம் வைகாம்ப் வாண்டரர்ஸ் என்ற கிளப். 2021 மே 8, சீசனின் கடைசி நாள். டெர்பி ஷெஃபீல்ட் வென்ஸ்டேவுடன் 3-3. டெர்பி 44 புள்ளிகளோடு தப்பியது. வைகாம்ப் 43 புள்ளிகளோடு கீழே போனது. சாம்பியன்ஷிப்பில் அது வைகாம்பின் முதல் சீசன். டெர்பியின் தண்டனை அந்த வருடமே வந்திருந்தால் இறங்கியது நாங்கள், வைகாம்ப் தங்கியிருக்கும். டெர்பி ரசிகன் என்ற முறையில் இதை எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் அளவுக்கு மீறிச் செலவழிக்கும் கிளப் தன்னை மட்டும் அழித்துக்கொள்வதில்லை. வரவுக்குள் வாழ்ந்த இன்னொரு ஊரின் இடத்தையும் எடுத்துக்கொள்கிறது. இந்தச் செலவு விதிகளை எல்லாரும் 'ஃபினான்ஷியல் ஃபேர் ப்ளே' என்று அழைப்பார்கள்; அந்தப் பெயரில் 'ஃபேர்' என்று இருப்பது இவர்களுக்காகத்தான்.

நிர்வாகி வந்த பிறகு நடப்பது கால்பந்து ரசிகர்கள் பலருக்குத் தெரியாது. கடன்காரர்கள், அதாவது கிளப்பிடமிருந்து பணம் வர வேண்டியவர்கள், எல்லாரும் சமம் இல்லை. லீக் விதிப்படி வீரர்களுக்கும் மற்ற கிளப்புகளுக்கும் கொடுக்க வேண்டியது முழுதாகக் கொடுக்கப்பட வேண்டும். அடமானம் எதுவும் இல்லாத மற்ற கடன்காரர்களுக்குப் பவுண்டுக்கு 25 பென்ஸ், அதாவது கால் பங்கு, கொடுத்தாலே கிளப் மேலும் புள்ளி இழக்காமல் வெளியே வரலாம், அல்லது மூன்று வருடத்தில் 35 பென்ஸ். 2010ல் போர்ட்ஸ்மத் கிளப் இப்படி விழுந்தபோது கடன்காரர் பட்டியலில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் பெயரும் இருந்தது. மேட்ச் நாளில் மயங்கி விழுபவர்களுக்கு முதலுதவி செய்யும் தொண்டு நிறுவனம்! கால்பந்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கம்பெனி நிர்வாகியிடம் போனபோது, அதற்குச் சரக்குக் கொடுத்திருந்த என் வாடிக்கையாளர் ஒருவருக்காகக் கடன் கோரிக்கைப் படிவத்தை நான் நிரப்பியிருக்கிறேன். அவர் கொடுத்த ரசீதுகளை வரிசைப்படுத்தி எழுதும்போது எதிரே உட்கார்ந்து, "இது வருமா சார்?" என்று ஒவ்வொரு தாளுக்கும் கேட்டார். பட்டியலில் வெறும் எண்ணாக இருப்பது யாரோ ஒருவரின் வீட்டு வாடகை. கிளப்புகளின் கடன்காரர் பட்டியலை அதற்குப் பிறகு என்னால் வேறு மாதிரி படிக்க முடிந்ததில்லை.

2022 ஜனவரி 30 அன்று ஊரே தெருவில் இறங்கியது. நகர மையத்திலிருந்து ஸ்டேடியம் வரை ஆயிரக்கணக்கானோர் நடந்தோம். 1888ல் லீக்கைத் தொடங்கிய 12 கிளப்புகளில் ஒன்று மூடப்படுமோ என்ற பயம் உண்மையானது. மூன்று வருடம்கூட ஆகியிருக்கவில்லை பரி என்ற கிளப் லீக்கைவிட்டே தூக்கி எறியப்பட்டு. 1903 எஃப்ஏ கோப்பை இறுதிப் போட்டியில் இதே டெர்பியை 6-0 என்று வீழ்த்திய கிளப் அது. 2018 டிசம்பரில் ஒரு பவுண்டுக்குக் கைமாறி, 2019 ஆகஸ்டில் லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. நடந்துகொண்டிருந்த பலரின் வாயில் அன்று பரியின் பெயர்தான். பர்மிங்ஹாமுக்கு எதிரான அன்றைய போட்டியில் 2-0 பின்தங்கியிருந்து, கூடுதல் நேரத்தின் கடைசியில் கிறிஸ்டியன் பீலிக் முதுகுப்பக்கமாகச் சாய்ந்து உதைத்த பந்து வலைக்குள் போனது. என் முன் வரிசையில் இருந்த வயதானவர் திரும்பி யாரென்றே தெரியாத என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். வெய்ன் ரூனி பயிற்சியாளராக அந்தப் பையன்களை வைத்துக்கொண்டு போராடியதை இந்த ஊர் மறக்காது. ஏப்ரல் 18 அன்று க்யூபிஆர் மைதானத்தில் தோற்று இறங்கினோம்.

பிறகு வாங்க வந்தவர்கள். அமெரிக்கர் கிறிஸ் கிர்ச்னர் தேர்வானபோது நகரம் பெருமூச்சு விட்டது. பணம் வந்தபாடில்லை; ஜூனில் விலகினார். பின்னாளில் அவருடைய சொந்தக் கம்பெனி விவகாரத்தில் மோசடிக் குற்றம் நிரூபிக்கப்பட்டு 2024ல் அமெரிக்க நீதிமன்றம் 20 ஆண்டு சிறை விதித்தது. எவ்வளவு பெரிய கண்டத்திலிருந்து தப்பினோம்! ஜூலை 1, 2022 அன்று உள்ளூர் ரியல் எஸ்டேட் தொழிலதிபர் டேவிட் க்ளௌஸ் கிளப்பை வாங்கினார். அதைவிட முக்கியம், ஸ்டேடியத்தையும் வாங்கினார். 2024ல் டெர்பி மீண்டும் சாம்பியன்ஷிப்புக்கு ஏறியது.

இப்போது எந்தக் கிளப்பின் கணக்கை எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது லாபத்தை அல்ல, தேதியை. தனியார் கம்பெனி தன் நிதியாண்டு முடிந்து 9 மாதத்துக்குள் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். ஜூன் 30ல் முடியும் கிளப்புக்கு மார்ச் 31 கெடு. டெர்பி நிர்வாகியிடம் போனபோது 2018க்குப் பிந்தைய கணக்கு எதுவுமே தாக்கலாகியிருக்கவில்லை. என் அனுபவத்தில், நல்ல செய்தி இருக்கும் கம்பெனி கணக்கைத் தாமதிப்பதில்லை. கோல் வாங்கிய செய்தி வரும் அதே போனில் இதையும் பார்த்துவிடலாம், ஒரு நிமிட வேலை.

அடுத்து கம்பெனிஸ் ஹவுஸில் அடமானங்களுக்கென்று இருக்கும் பகுதி. யாரிடம், எதை வைத்துக் கடன் என்பது அங்கே வந்துவிடும். டெல் கம்ப்யூட்டர் நிறுவனர் மைக்கேல் டெல்லின் முதலீட்டு நிறுவனத்திடம் வாங்கிய கடன் டெர்பி விஷயத்தில் அங்கேதான் பதிவாகியிருந்தது. கிளப்பின் பெயரில் மட்டும் தேடி நிறுத்திவிடாதீர்கள். அதற்கு மேலே இருக்கும் தாய்க் கம்பெனியையும், ஸ்டேடியம் எந்தக் கம்பெனி பெயரில் இருக்கிறது என்பதையும் தேடுங்கள். பின் பக்கக் குறிப்புகளில் சம்பந்தப்பட்டவர்களுடனான பரிமாற்றம் என்று ஒன்று வரும். கதையின் முக்கால்வாசி அங்கே இருக்கும். சம்பளத்தை வருமானத்தால் வகுத்துப் பாருங்கள். 100 சதவீதத்தைத் தாண்டினால் மீதியை யார் கொடுக்கிறார், கடனாகவா பங்காகவா என்று தேடுங்கள். கடன் என்றால் ஒருநாள் திருப்பிக் கேட்கப்படும். "கிளப் தொடர்ந்து இயங்குவது உரிமையாளரின் ஆதரவைப் பொறுத்தது" என்ற பொருளில் ஆடிட்டரோ இயக்குநர்களோ எழுதியிருந்தால், அந்த ஒரு வாக்கியத்தை மற்ற எல்லா எண்ணுக்கும் மேலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

விதிகளிலும் எனக்குக் குறை உண்டு. பிரீமியர் லீக்கின் அன்றைய நஷ்ட வரம்பு மூன்று வருடத்துக்கு 10.5 கோடி பவுண்டாக இருந்தது. எவர்டன் 12.45 கோடி நஷ்டத்தோடு மீறியதற்கு 2023 நவம்பரில் 10 புள்ளிகள், மேல்முறையீட்டில் 6 ஆனது, ஏப்ரலில் இன்னொரு 2. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு 4. தண்டனை வேகமாக வந்தது நல்லதுதான். ஆனால் அகாடமியில் வளர்ந்த பையனை விற்றால் முழுத் தொகையும் லாபம் என்பதால், கிளப்புகள் சொந்தப் பிள்ளைகளைத்தான் முதலில் விற்கின்றன. டெர்பியின் நெருக்கடியில் வில்லாவுக்குப் போன சிறுவன் ஓமாரி கெல்லிமனை, 2024 ஜூனில் நிதியாண்டு முடியும் தறுவாயில் வில்லா சுமார் 1.9 கோடி பவுண்டுக்கு செல்சீயிடம் விற்றது. அதே நாட்களில் செல்சீயின் இயன் மாட்சன் வில்லாவுக்கு. இரண்டு பக்கமும் கணக்கில் லாபம். ஊர்ப் பையன் சட்டை போட்டு விளையாடுவதைப் பார்க்கவே டிக்கெட் எடுப்பவர்களை இந்த விதி தண்டிக்கிறது. நஷ்டத்தை எண்ணுவதைவிட, வருமானத்தில் இத்தனை சதவீதம்தான் அணிக்கு என்று கட்டுவது மேல். யுஇஎஃப்ஏ 90, 80 என்று குறைத்து 2025-26ல் 70 சதவீதத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது.

இன்னொரு மாற்றம் எனக்கு நிஜமான நம்பிக்கை தருகிறது. 2025ல் நிறைவேறிய கால்பந்து நிர்வாகச் சட்டம் லீக்குகளுக்கு வெளியே ஒரு சுதந்திர ஒழுங்குமுறை அமைப்பை உருவாக்கியிருக்கிறது. கிளப் தன் ஸ்டேடியத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ அதன் அனுமதி வேண்டும். 2018ல் இது இருந்திருந்தால் பிரைட் பார்க் கைமாறியிருக்காது. நஷ்டம் நஷ்டமாகவே கணக்கில் தெரிந்து, செலவைக் குறைக்கும் பேச்சு மூன்று வருடம் முன்பே தொடங்கியிருக்கும். அந்த அமைப்பிடம் நான் கேட்பது இன்னும் ஒன்று: 9 மாதம் பழைய கணக்கைப் பார்த்து யாரையும் காப்பாற்ற முடியாது. ஒவ்வொரு காலாண்டும் கிளப்புகள் சம்பளக் கணக்கையும் வரி பாக்கியையும் கொடுக்க வேண்டும், அவற்றை ரசிகர்களும் பார்க்கும்படி வெளியிட வேண்டும்.